பிரசவ வார்டு எங்குட்டு இருக்கு?

1

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, ஜேனட் என்கிற பெண் ஒரு படிவத்தோடு என் அறைக்குள் வந்தாள். இருபத்தொரு வயது. நர்ஸ் படிப்பை முடித்துப் பரீட்சையில் தேறி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. புதிதாகத் தேறியவர்கள் முதலில் எந்த வார்டில் வேலை பார்க்க விருப்பம் என்று எழுதித் தரவேண்டும். அதில் வார்டுக்குப் பொறுப்பான தலைமை நர்ஸ், அதாவது வார்டு சிஸ்டர், கையெழுத்துப் போடவேண்டும். இங்கிலாந்தில் எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. பால்காரரிடம் ஒரு புட்டி கூடுதலாகக் கேட்பதற்கு மட்டும்தான் இன்னும் வரவில்லை. அதற்கும் ஒரு சீட்டு எழுதிக் காலிப் புட்டிக்குள் செருகி வாசலில் வைக்க வேண்டியிருக்கிறது.

படிவத்தில் விருப்பத்தை எழுத மூன்று கோடு. அதன் கீழே 'காரணம்' என்று தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். ஜேனட் எல்லாவற்றையும் வெறுமையாக விட்டிருந்தாள்.

“எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, சிஸ்டர் அந்தோணி. நீங்கள் எப்படிப் பிரசவ வார்டைத் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று கேட்டாள்.

அந்தோணி என் பெயரில்லை, என் அப்பாவின் பெயர். என் பெயர் தெரேசா. இங்கே வந்து இறங்கிய அன்று, குடும்பப் பெயர் என்ன என்று கேட்ட அதிகாரியிடம் எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது என்று விளங்கவைக்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. அவரே என் காகிதங்களைப் புரட்டி, அப்பா பெயரைக் கண்டுபிடித்து, ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்துவைத்தவர் மாதிரி எழுதிக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகும் வேலையில் அதே பெயர்தான். ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன்.

“எனக்குக் குழந்தைகள் என்றால் பிடிக்கும். அதனால்தான்” என்று ஜேனட்டிடம் சொன்னேன்.

கேட்கிறவர்களுக்கெல்லாம் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழுப் பொய். ஊரில் இருப்பவர்களுக்காவது உண்மையை எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஊர் என்று நான் சொல்வது காளையார்கோவிலையும் காரைக்குடியையும். அங்கே என்னைத் தெரிந்தவர்களிடம் நான் சொல்லி வைத்ததும் பொய்தான். அதுதான் மூத்த பொய்.

2

அறுபதுகளின் நடுவில், மதுரையில் படிப்பை முடித்துவிட்டுக் காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். செட்டியார் குடும்பம் ஒன்று தர்மத்துக்கென்று கட்டிக்கொடுத்தது. தரை மட்டும் அவர்கள் வீட்டுத் தரை மாதிரியே வழுவழுவென்று இருக்கும். அவசரமாக ஓடினால் வழுக்கி விழுந்து நாமே நோயாளியாகிவிடலாம்.

புதிதாக வந்த எங்கள் ஐந்து பேரையும் மூன்று மாதம் எல்லா வார்டிலும் சுற்றவிட்டார்கள். பிறகு ஒருநாள் மேட்ரன் கூப்பிட்டு, ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, எந்த வார்டு வேண்டும் என்று எழுதச் சொன்னார். மேட்ரன் தேவகோட்டைக்காரர். அதட்டுவதையும் மரியாதையோடுதான் அதட்டுவார்.

நாலு பேர் பிரசவ வார்டு என்று எழுதினார்கள். மேட்ரன் காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னத்தா, எல்லாரும் பிரசவ வார்டுங்கிறீக? பிள்ளை பொறந்தா ஆச்சிமாரு கற்கண்டும் சேலையும் குடுப்பாகங்கிற ஆசையா?” என்றார். ஐந்தாவது காகிதத்தைப் பிரித்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஆம்பளை அறுவை வார்டா? நெசமாத்தான் எழுதுனியா?”

“ஆமா மேட்ரன்.”

“வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?”

“மாட்டாக” என்றேன். பொய் அந்த இடத்தில் ஆரம்பித்தது.

நான் அந்த வார்டைக் கேட்டதற்கு இரண்டு காரணம். ஒன்று, எனக்குக் கட்டுப் போடப் பிடிக்கும். எங்கள் பக்கத்தில் தை பிறந்தால் மஞ்சுவிரட்டு. மாடு குத்தித் தொடை கிழிந்தவன், விலா ஒடிந்தவன், குடலைத் துண்டால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவன் என்று அந்த வார்டு நிறைந்துவிடும். அந்தப் புண்களை நாள்தோறும் கழுவிக் கட்டும்போது, நேற்றைக்கு இன்று எவ்வளவு ஆறியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். என் கை அதற்கென்றே அமைந்தது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷமும் மாட்டுக்கு முன்னால் போய் நிற்கத்தான் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது காரணம் பயம். மதுரையில் படிக்கும்போது இருபது பிரசவம் பார்த்து நோட்டில் எழுதினால்தான் சான்றிதழ். அதில் ஒருத்தி முகமும் காலும் வீங்கி, தலைவலி என்று பிடித்துக்கொண்டு வந்தாள். என் கண் முன்னாலேயே ஜன்னி கண்டு கட்டிலில் வெட்டி வெட்டி இழுத்தது. ஜன்னலெல்லாம் துணி போட்டு இருட்டாக்கி, சத்தமில்லாமல் ஊசி போட்டுப் பார்த்தார்கள். அவளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது. அவளைத் துடைத்து எடுத்தது நான்தான். அதற்குப் பிறகு பிரசவ அறைக்கதவைத் தள்ளும்போதெல்லாம் மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டுதான் நுழைவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. நர்ஸாக இருந்துகொண்டு பிரசவத்துக்குப் பயம் என்றால் சிரிப்பார்கள்.

3

வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், 'எனக்குப் பிரசவ வார்டு கிடைத்திருக்கிறது' என்று எழுதினேன்.

காரணம் எளிது. எங்கள் ஊர் காளையார்கோவிலுக்குத் தெற்கே. அப்பா அங்கே கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஞானோபதேச வகுப்பும் அவர்தான் எடுப்பார். என்னை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியபோது ஊரில் பாதிப் பேர் அவரிடம் நேராகவே கேட்டார்கள். “கண்ட ஆம்பளையத் தொட்டுத் தூக்குற வேலைக்கா பொட்டப் பிள்ளைய அனுப்புறீக வாத்தியாரே?” அப்பா அதற்கு ஒரே பதில் வைத்திருந்தார். “எம்மக பிரசவம் பாக்கத்தான் படிக்குது. மாதாவே எலிசபெத்தம்மா பேறுகாலத்துக்குப் போய் நின்னவதான்.”

வேதாகமத்தையே சாட்சிக்கு இழுத்துவிட்ட மனிதரிடம், உங்கள் மகள் ஆம்பளைத் தொடைக்குக் கட்டுப் போடுகிறாள் என்று எப்படி எழுதுவது?

அப்பா அந்தக் கடிதத்தைப் பூசை முடிந்து வெளியே வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினாராம். அதிலிருந்து நான் லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம், மாசமாக இருக்கும் பெண்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். படித்ததை வைத்து நானும் பதில் சொன்னேன். நாடி பிடித்துப் பார்த்தேன். வயிற்றில் கை வைத்துத் தலை இங்கே இருக்கிறது, கால் அங்கே இருக்கிறது என்று காட்டினேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பயமில்லாத பிரசவ வார்டு அது ஒன்றுதான், ஏனென்றால் அங்கே யாரும் பிள்ளை பெறவில்லை.

மாப்பிள்ளை தேடுவதற்கும் அந்த வார்டு உதவியது. தேவகோட்டைப் பக்கம் ஒரு நல்ல குடும்பம், பையன் பள்ளிக்கூட வாத்தியார். நர்ஸ் என்றதும் பின்வாங்கியவர்கள், பிரசவ வார்டு என்றதும் திரும்பி வந்தார்கள். “எங்களுக்கு மூணு பொம்பளைப் பிள்ளைக. மருமக வீட்டுலயே எல்லாம் பாத்துக்கிடும்ல” என்றாராம் மாமியாராக வரவேண்டியவர். பொங்கல் கழித்துப் பெண் பார்க்க வந்து, பிடித்தால் அன்றைக்கே நிச்சயம் என்று பேச்சு.

4

அந்தப் பொங்கலுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போனேன். அக்கா வீட்டில் இருந்தாள். அக்கா பெயர் ஞானம். கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லை. கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டு, பேச்செல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. ஏழாம் மாதத்தில் அம்மா கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கொலுசைக் கழற்றி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

“ஏறலடி. கால் ரெண்டும் ஊதிப் போச்சு. தண்ணிக்காலு, எல்லாருக்கும் வர்றதுதாங்கிறாக அம்மா. நீ பாரேன்.”

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. கண் இமையைப் பார்த்தேன். லேசாகத் தடித்திருந்தது.

“தலை வலிக்குதா?”

“ரெண்டு நாளா லேசா வலிக்குது. பூசைக்கு முழிச்சது சேரலபோல. ஏன், எதுவும் கோளாறா?”

அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். அப்பா பேப்பரை மடித்துவிட்டு என் வாயையே பார்த்தார். பிரசவ வார்டு நர்ஸ் சொல்லப் போகிறாள்.

“ஒண்ணுமில்ல. உப்பைக் குறைச்சுக்க. அடுத்த மாசம் ஒரு நடை சிவகங்கை பெரியாஸ்பத்திரில காட்டிருங்க” என்றேன்.

“சிவகங்கை எதுக்கு?” என்றார் அப்பா. “நீ இருக்கையில வேத்தாளுகிட்டயா காட்டுறது? நேரம் வந்தா ஒன் வார்டுக்கே கொண்டாந்துர்றோம்.”

“சிவகங்கை பக்கம்ல அப்பா. அதான் சொல்றேன்.”

“பக்கம்னா? சொந்தப் பிள்ளை இருக்க இடந்தான் நமக்குப் பக்கம்” என்று சொல்லிவிட்டு அப்பா பேப்பரை மறுபடி விரித்தார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். மறுநாள் மதியம் பஸ் ஏறிக் காரைக்குடிக்கு வந்துவிட்டேன்.

5

பெண் பார்க்க வருவது எதற்காகவோ தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. தை முடியும் தறுவாயில் ஒருநாள் முற்பகல், பதினொரு மணி இருக்கும். மூன்றாம் நம்பர் கட்டிலில் மாடு குத்திய ஓர் ஆளுக்குத் தொடையில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். ஆழமான புண். வாயைச் சுற்றித் துணி கட்டி, வாசலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தேன்.

பின்னால் ஒரு குரல் கேட்டது.

“நர்ஸம்மா, கொஞ்சம் பாருங்க. பிரசவ வார்டு எங்குட்டு இருக்கு? எம்மக தெரேசு அங்கதான் வேலை பாக்குது. வாசல்ல பேரைச் சொல்லிக் கேட்டா இங்குட்டுக் கைய காட்டுறாக. அவுகளுக்கு வெவரம் தெரியலபோல. கார்ல பிள்ளைக்கு ரொம்ப முடியலங்க. செத்த சொல்லுங்க தாயி.”

அப்பா என்னிடம் அதற்கு முன் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

துணியை இறக்கிவிட்டுத் திரும்பினேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். பிறகு கட்டிலில் கிடந்தவனின் திறந்த தொடையைப் பார்த்தார். சட்டையெல்லாம் புழுதி, ஒரு காலில் செருப்பில்லை.

“அக்கா கார்ல கெடக்கா” என்றார்.

ஓடினேன். அந்தத் தரையில் இரண்டு முறை வழுக்கினேன். அம்மா மடியில் அக்காவின் தலை. நாக்கைக் கடித்து வாயோரமெல்லாம் ரத்தம். விடிகாலையில் வலி கண்டிருக்கிறது, தலைவலியும் வாந்தியுமாக. காளையார்கோவில் வரை வண்டியில் வந்து, அங்கே வாடகைக்கு ஒரு கார் பிடித்திருக்கிறார்கள். அங்கிருந்து சிவகங்கை கிட்டத்தில். காரைக்குடி அதைப்போல இரண்டு மடங்கு தூரம். இரண்டு மடங்கு தூரம் என்னை நம்பி வந்திருக்கிறார்கள். வழியில் கல்லல் ஊரைத் தாண்டியதும் முதல் இழுப்பு. காரைக்குடிக்குள் நுழைவதற்குள் இன்னும் இரண்டு.

என்னோடு வேலைக்குச் சேர்ந்து பிரசவ வார்டுக்குப் போன லில்லிதான் அன்றைக்கு அங்கே டியூட்டி. அவள் கேட்கவேண்டியதைக் கேட்டாள். “மாசத்துல யாரு பாத்துக்கிட்டது? எங்க காட்டுனீக?”

அக்காவின் கணவர் சவரிமுத்து மச்சான், நல்ல மனிதர், என்னைக் கைகாட்டினார். “வேற யாரு? எங்க கொழுந்தியாதாங்க பாத்துச்சு. இந்த வார்டு நர்ஸுதான்.”

லில்லி என்னைப் பார்த்தாள். சீட்டில் ஏதோ எழுதினாள்.

அறையை இருட்டாக்கினார்கள். ஊசி போட்டார்கள். நான் சுவரோரம் நின்றேன். அது என் வார்டில்லை, எனக்கு அங்கே செய்ய வேலையில்லை. சாயங்காலம் ஆண்பிள்ளை பிறந்தது. உயிரில்லை. அக்காவுக்கு இரண்டு நாள் நினைவு திரும்பவில்லை, மூன்றாம் நாள் கண் திறந்தாள். நேரத்தோடு வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். “சொல்ல முடியாது. பொழைச்சிருக்கலாம்” என்றார். இந்தப் பதிலை நான் எத்தனையோ பேருக்கு எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா வராந்தாவில் தூணோரம் நின்றார். அந்த மூன்று நாளும் என்னிடம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

6

அடுத்து அப்பா செய்ததுதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியாதது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மச்சானும் அம்மாவும் அன்றைய களேபரத்தில் எதையும் கவனிக்கவில்லை. அப்பா அதை அப்படியே விட்டுவிட்டார். ஊரில் பேசினார்கள். “கூடப் பொறந்தவ பிள்ளையவே காப்பாத்த முடியல, இவ என்ன பிரசவ வார்டு நர்ஸு?” என்று. அப்பா அவர்களிடம், “அன்னைக்கு அவளுக்கு லீவு. அவ இருந்திருந்தா வேற மாதிரி போயிருக்கும்” என்று சொன்னாராம். வேதத்தில் உள்ள பத்துக் கற்பனைகளையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணிவைக்கிற வாத்தியார். எட்டாம் கற்பனை பொய்சாட்சி சொல்லாதே என்பது.

தேவகோட்டைக்காரர்கள், கைராசியில்லாத பெண் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். யாருக்காகப் பொய் சொன்னேனோ அவர்களே போய்விட்டார்கள். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பும் வந்தது.

அந்த மாதமே மேட்ரனிடம் போய்ப் பிரசவ வார்டுக்கு மாற்றிக் கேட்டேன். “அங்க ஒன் கையி எம்புட்டு நல்லா ஓடுச்சு. ஏன் போறே?” என்றார். குடும்பக் காரணம் என்றேன். இரண்டு வருஷம் கழித்து இங்கிலாந்துக்கு வந்தபோதும், பிரசவப் படிப்பையே மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து படித்தேன். அப்பாவின் வாக்கு பொய்யாகக் கூடாது என்று நினைத்தேன். அவர் சொன்ன வார்டிலேயே கடைசிவரை இருந்துவிட்டால், அவர் சொன்னது கொஞ்சம் பிந்திய உண்மை என்றாவது ஆகுமே.

இந்த ஊர்ப் பெண்களைப் புரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆயிற்று. 'அவ்வளவு மோசமில்லை' என்று ஒருத்தி சொன்னால் உயிர் போகிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் நான் அதை அப்படியே நம்பி நகர்ந்துவிடுவேன். எங்கள் பக்கம் வலி என்றால் ஏழு தெருவுக்குக் கேட்கும், சிக்கலில்லை. இப்போது சொல்லைக் கேட்பதில்லை, காலைப் பார்க்கிறேன். பல்வலிக்கு வழி தவறி என் வார்டுக்குள் வந்தவளாக இருந்தாலும் கணுக்காலை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். அந்தோணி சிஸ்டரின் கட்டைவிரல் என்று கேலி பேசுகிறார்கள். நல்ல நர்ஸ் என்றும் சொல்கிறார்கள். கதவைத் தள்ளும்போது இன்னும் மனசுக்குள் சிலுவை போட்டுக்கொள்கிறேன், அது அவர்களுக்குத் தெரியாது. ஆண்கள் அறுவை வார்டைக் கடந்து போகும்போது, அங்கே கட்டு மாற்றும் தட்டைத் தள்ளிக்கொண்டு போகிற சின்னப் பெண்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

என் கணவர் தூத்துக்குடிக்காரர். இங்கே வந்து சந்தித்தோம், அது வேறு கதை. எங்கள் மகள் ஆக்னஸுக்கு ஒன்பது வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஜேனட் வந்துபோன அன்று சாயங்காலம் என் முகத்தைப் பார்த்து என்ன என்று துளைத்தாள். இந்தக் கதையைச் சின்னப் பிள்ளைக்குத் தகுந்தமாதிரி சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, இங்கிலீஷில், “ஆண்கள் வார்டில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதானே? தாத்தா என்ன செய்திருப்பார்?” என்றாள்.

கோபமாக வந்தது. உனக்கு அந்த ஊரும் தெரியாது, மனிதர்களும் தெரியாது என்று அதட்டினேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டாள். பிறகு பாத்திரம் கழுவும்போது யோசித்துப் பார்த்தேன். அப்பா என்ன செய்திருப்பார்? இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பார். ஒரு மாதம் கடிதம் போட்டிருக்க மாட்டார். அதற்குப் பிறகு ஒரு பை முறுக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, வேலை கஷ்டமா ஆத்தா என்று கேட்டிருப்பார். அவ்வளவுதான். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரே கேள்வியில் தெரிந்துவிட்டது. எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது.

ஜேனட் அந்த வாரமே படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். முதல் விருப்பம் பிரசவ வார்டு. காரணம் என்ற கட்டத்தில், 'குழந்தைகளைப் பிடிக்கும்' என்று எழுதியிருந்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

7

அப்பா போன வருஷம் இறந்துபோனார். லீவும் டிக்கெட்டும் கைகூடி வருவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. வருஷப் பூசைக்கும் போகவில்லை. பூசை நடந்த விவரத்தை அக்கா எழுதியிருந்தாள். அவள் எட்டாவதோடு நிறுத்தியவள், பேசுகிறமாதிரியேதான் எழுதுவாள். அக்காவுக்கு அதற்குப் பிறகு பிள்ளையில்லை. இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவள் ஒருவரிகூட எழுதியதில்லை. நானும் எழுதியதில்லை. இந்தத் தடவை பூசை, சாமியார், வந்த சனம் எல்லாம் முடிந்த பிறகு, கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் தொடர்ந்திருந்தாள்.

“அப்பா இருக்க வரைக்கும் இதச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் தெரேசு. நீ ஆம்பளை வார்டுல இருந்தது எனக்கு முந்தியே தெரியும். மச்சானோட கூட்டாளி ஒருத்தரு மாடு குத்தி அங்க கெடந்தாரு. நீதான் கட்டுப் போட்டேன்னு எங்கிட்ட சொன்னாரு. ஒனக்கு மாப்பிள்ளை பாக்குற நேரம், வெளிய விடாதீகன்னு அவரு வாய அடைச்சேன். மச்சான்கிட்டகூடச் சொல்லல. அன்னைக்குக் கார்ல எனக்கு நெனவு இருந்துச்சு. காளையார்கோவில் முக்குல டிரைவரு சிவகங்கையா காரைக்குடியான்னு கேட்டாரு. அப்பா, காரைக்குடிக்கு விடுங்க, எம்மக அங்க பிரசவ வார்டுல இருக்கான்னாக. எம்புட்டுப் பெருமையாச் சொன்னாக தெரியுமா. நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டி சிவகங்கைக்குத் திரும்பியிருக்கும். அம்புட்டுப் பேரு நிக்கையில அப்பா தலை குனிஞ்சுருமேன்னு பேசாம இருந்துட்டேன். பிள்ளையத் தொலைச்சது நாந்தான், நீ இல்ல. நீ அன்னைக்கே சிவகங்கையில காட்டச் சொன்னவ. கேக்காதது நாங்க. அத மனசுல வச்சுக்கிட்டு அந்தத் தூரதேசத்துல கெடந்து மருகாத.”

வேலைக்குக் கிளம்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றே படித்தேன். பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்த பஸ்ஸையும் விட்டேன்.

அக்கா எனக்கு மன்னிப்பு அனுப்பியிருக்கிறாள். அடுத்த மாசம் என்று நான் தள்ளிவைத்ததை, உடனே காட்டச் சொன்னதாக நல்லெண்ணத்தில் வைத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறாள். அதை வாங்கி வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆளான அப்பா கல்லறையில் இருக்கிறார். ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் பதில் எழுதினேன். நலம் விசாரிப்பெல்லாம் எழுத வரவில்லை. இவ்வளவுதான் எழுதினேன்:

“அக்கா, அன்றைக்கு உன் காலை அழுத்தியபோதே அது என்ன என்று எனக்குத் தெரியும். அதே வீக்கத்தோடு வந்த ஒருத்தி மதுரையில் என் கண் முன்னால் செத்தாள். அன்றைக்கே உன்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அப்பா உடனே என் வார்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார், எல்லாம் வெளியாகியிருக்கும். அடுத்த மாதம் என்று நான் சொன்னது, அதற்குள் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிடும் என்பதற்காக.”

ஒட்டிப் போட்டுவிட்டேன். ஊரிலிருந்து ஒரு கடிதம் வரப் பத்து நாள் போதும். ஆறு வாரமாகிறது. காலையில் தபால் விழும் சத்தம் கேட்டதும் ஆக்னஸ்தான் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வருகிறாள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “உனக்கு ஒன்றுமில்லை, அம்மா” என்கிறாள். அதை மட்டும் எப்படியோ தமிழில் சொல்லப் பழகிவிட்டாள்.